கொல்லாமையும் ஒரு செய்திமடலும்

பறவைக் காப்புச் சங்கம் ஒன்று தன் செய்திமடலை அச்சிலிருந்து மின்வடிவத்துக்கு மாற்ற முற்படும்போது வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்லப்படும். அச்சுக்கூலியும் அஞ்சல் செலவும் மிச்சமாகும், செய்தி அன்றே போய்ச் சேரும், மரங்கள் தப்பும். முதல் இரண்டும் வரவு செலவும் வசதியும் பார்த்துத் தீர்க்க வேண்டியவை. அவற்றுக்குச் சங்கத்தின் பொருளாளரே போதும். மூன்றாவது அப்படிப்பட்டதல்ல. பறவையின் நலத்துக்காக வெளியாகும் தாள், பறவை கூடு கட்டும் மரத்தை வெட்டி உருவாகலாமா என்ற அறக் கேள்வி அதற்குள் இருக்கிறது. அதைச் சற்று இழுத்துப் பார்த்தால் மரத்தோடு நிற்காது. உயிரைக் காக்கும் செயலிலேயே உயிர்க்கேடு கலந்திருந்தால் அந்தச் செயலை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதுவரை போகும். இந்தியச் சமயங்களில் இந்தக் கேள்வியோடு மிக நீண்ட காலம் மல்லுக்கட்டியது சமணம். அச்சு, மின்சாரம் ஆகிய இரண்டைப் பற்றியுமே அங்கே நேரடியான வாதங்கள் நடந்திருக்கின்றன. அதனால் இந்தச் சிறிய மாற்றத்தைச் சமணக் கண்ணோட்டத்தில் ஆராய்வது பொருத்தமானது.

பறவை இதழ்களின் வரலாற்றில் அறம் பின்னால் வந்து சேர்ந்த சரக்கல்ல. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் காலத்தில் அணி பிரிந்து வேட்டையாடி, எந்த அணி அதிகம் சுட்டது என்று குவித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தது. 1899இல் ‘பேர்ட்-லோர்’ என்ற இதழைத் தொடங்கிய ஃபிராங்க் சாப்மன், 1900 டிசம்பரில் அதே இதழில் வேறொரு விளையாட்டை முன்மொழிந்தார்: சுடாமல் எண்ணுவது. அந்த ஆண்டு 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஓர் இதழின் ஒரு பக்கம் தனியாகத் துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்தது என்று சொல்ல முடியாது. தொப்பியில் இறகு செருகும் வணிகத்துக்கு எதிரான இயக்கம் அதற்குள் வலுத்திருந்தது. ஆனாலும் சிதறிக் கிடந்த சிலருக்கு ஒரே நாளில் ஒரே செயலைச் செய்ய முடியும் என்று காட்டியது அந்த அச்சுத் தாள்தான்.

இந்தியாவில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது 1960இல் சஃபர் ஃபதேஅலி பம்பாயில் தொடங்கிய ‘நியூஸ்லெட்டர் ஃபார் பேர்ட்வாட்சர்ஸ்’. தொடக்கத்தில் அது சைக்ளோஸ்டைல் பிரதி. மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து, மையுருளையில் சுற்றி, மடித்து, மாதந்தோறும் தபாலில் போகும். ஆய்விதழ்களில் இடம் கிடைக்காத சிறு குறிப்புகளுக்கு அது இடம் தந்தது: ஓர் ஊரின் ஏரிக்கு வாத்துகள் இந்த ஆண்டு தாமதமாக வந்தன, ஒரு பாலத்தடியில் தகைவிலான்கள் கூடு வைத்தன என்பன போன்றவை. பள்ளி ஆசிரியர், தேயிலைத் தோட்ட மேலாளர், வங்கி ஊழியர் எழுதிய குறிப்புகளும் பறவையியலாளர் சாலிம் அலியின் குறிப்பும் ஒரே தாளில் வந்தன. 2004இல் ‘நியூஸ்லெட்டர் ஃபார் ஆர்னித்தாலஜிஸ்ட்ஸ்’ என்ற புதிய இதழ் உருவாகி, மறு ஆண்டு ‘இந்தியன் பேர்ட்ஸ்’ ஆனது. இன்று அதன் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றி இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். மெழுகுத்தாளிலிருந்து பிடிஎஃப் வரையிலான பயணம் ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் முடிந்துவிட்டது.

இனி அறக்கணக்கு. சமணம் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுக்கிறது. மண், நீர், நெருப்பு, காற்று, தாவரம் ஆகியவற்றையே உடலாகக் கொண்ட உயிர்கள் ஓரறிவுடையவை. பறவை ஐந்து புலன்களும் உள்ள உயிர். எல்லா உயிர்க்கேடும் வினையை ஈட்டும். புலன் கூடக் கூடக் கேட்டின் கனமும் கூடும். இல்லறத்தார் ஓரறிவுயிர்களுக்கு இழைக்கும் தீங்கை அறவே தவிர்க்க முடியாது என்பதை ஏற்று, அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் இந்த நெறி, ஈரறிவு முதல் ஐயறிவு வரையுள்ள உயிர்களை மனமறிந்து கொல்வதை அவர்களுக்கும் விலக்குகிறது. நவீனச் சூழலியல் பேசாத மொழியில் இது இருந்தாலும் ஒரு வகையில் அதைவிடத் துல்லியமானது. ‘இயற்கைக்குப் பாதிப்பு’ என்று மொத்தமாகச் சொல்லி நகர்ந்துவிட இது இடம் கொடுப்பதில்லை. எந்த உடல் சிதைகிறது என்று கேட்கிறது.

அந்தக் கேள்வியைக் காகிதத்திடம் முதலில் கேட்கலாம். காகிதம் என்றால் மரம் என்பது எங்கும் உண்மையல்ல. தமிழ்நாடு அரசு 1979இல் நிறுவிய செய்தித்தாள் காகித நிறுவனம் கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு எழுந்தது. சர்க்கரை ஆலையில் பிழிந்து எஞ்சிய சக்கையிலான தாளில் அச்சாகும் மடலுக்கு, மரக் குற்றச்சாட்டு அப்படியே பொருந்தாது. ஆனால் சக்கையைக் கூழாக்கவும் வெளுக்கவும் ஆற்றுநீர் வேண்டும். கரும்புக்கும் நீர் வேண்டும். கழிவு எங்காவது போக வேண்டும். தாவர உடலிலிருந்து நீர் உடலுக்குத் தீங்கு இடம் மாறுகிறது.

இன்னொரு பக்கம், மரம் நடுவதே பறவைக்குக் கேடான இடங்களும் உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் உச்சிகளில் சோலைகளுக்கிடையே விரிந்திருந்த புல்வெளிகள், தரிசு என்று தவறாக எண்ணப்பட்டு, வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோட்டங்களாயின. தோல் பதனிட வாட்டில் பட்டையும், கூழுக்கும் ரேயானுக்கும் தடியும் போயின. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய நீலகிரி நெட்டைக்காலி புல்லில் வாழ்ந்து புல்லில் கூடு வைக்கும் பறவை. அதன் வாழிடத்தைச் சுருக்கியது காட்டழிப்பு அல்ல, காடு வளர்ப்பு. மரம் தப்பியது என்று ஒரு சங்கம் மகிழும்போது, அந்த மரம் எந்த மண்ணில் நின்றது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மின்வடிவத்துக்குத் தாவரம் அவ்வளவாக வேண்டாம். அதன் கணக்கு மண்ணிலும் நீரிலும் நெருப்பிலும் எழுதப்படுகிறது. கைபேசியின் மின்கலத்துக்கு லித்தியம் வேண்டும். அது பெருமளவில் கிடைக்கும் இடங்களுள் ஒன்று சிலி நாட்டின் அட்டகாமா உப்புப் படுகை. நிலத்தடி உப்புநீரை மேலே இறைத்து வெயிலில் வற்றவைத்து அதை எடுக்கிறார்கள். அதே படுகையின் ஆழமற்ற ஏரிகளில் ஆண்டியன் பூநாரையும் ஜேம்ஸ் பூநாரையும் இரை தேடுகின்றன. அங்கே அவற்றின் எண்ணிக்கை குறைவதை லித்தியச் சுரங்கத்தோடும் நீர் குறைவதோடும் தொடர்புபடுத்தி 2022இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு சங்கத்தின் மடலுக்கும் ஆண்டிஸ் பூநாரைக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது என்று சொல்லலாம். உண்மைதான். காகித மடலுக்கும் ஒரு குறிப்பிட்ட மரத்துக்கும் உள்ள தொடர்பும் அதே அளவு மெல்லியதே.

மின்சாரத்தின் கணக்கு இன்னும் நெருங்கி வருகிறது. கானமயில் இந்தியாவில் ஏறத்தாழ 150 என்ற அளவுக்குச் சுருங்கிவிட்ட பறவை. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தானின் தார்ப் பாலையில் இருக்கின்றன. கனத்த உடல், முன்னோக்கிய பார்வை குறைவு. தாழப் பறக்கும்போது குறுக்கே வரும் கம்பியை நெருங்கியபின் விலக அதனால் முடிவதில்லை. அந்தப் பாலையே காற்றாலைகளுக்கும் சூரிய மின்பூங்காக்களுக்கும் ஏற்ற நிலமாக இருப்பதால், கம்பிகள் பெருகின. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அப்பகுதி மின்தடங்களைப் பூமிக்கடியில் கொண்டுபோகவும், முடியாத இடங்களில் பறவைக்குத் தெரியும்படி தடுப்புகளைத் தொங்கவிடவும் ஆணையிட்டது. 2024 மார்ச்சில் அந்த ஆணையைத் தளர்த்தி, வல்லுநர் குழுவிடம் விட்டது. கரியற்ற மின்சாரமும் ஐயறிவுயிரைக் கொல்கிறது. கானமயிலைக் காக்கச் சொல்லும் மின்மடல், கானமயில் மோதி விழும் கம்பியின் வழியே வந்த மின்சாரத்தில் திறக்கப்படலாம். சமணக் கணக்கில் இது வெறும் முரண்நகை அல்ல. தாவரமும் நீரும் படும் கேட்டைவிட இதன் கனம் அதிகம்.

இப்படி ஒவ்வொரு தட்டையும் நிரப்பிக்கொண்டே போனால் தராசு எந்தப் பக்கமும் சாய்ந்து நிற்காது. கரியளவு, நீரளவு என எண்களால் ஒப்பிடுவதில் பயனுண்டு. நூறு பேருக்கு மட்டும் போகும் நான்கு பக்க மடலுக்கும், படங்கள் நிறைந்த வழவழப்பான இதழுக்கும் விடை ஒன்றாக இருக்காது; மின்மடலைச் சிறு கைபேசியில் படிப்பதும், பெரிய திரையில் படித்துவிட்டு வீட்டில் அச்செடுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. ஆனால் ஒப்பீடு முடிந்த பிறகும் கேள்வி எஞ்சுகிறது. குறைந்த தீங்கைத் தேர்ந்தவர் தீங்கற்றவர் ஆகிவிடுகிறாரா?

சமணர்கள் இந்த இடத்தில்தான் தமக்குள் மோதிக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆகம நூல்களை அச்சேற்ற முனைந்தபோது, குறிப்பாகத் திகம்பரரிடையே, கடும் எதிர்ப்பு எழுந்தது. அன்றைய அச்சு உருளைகள் விலங்குப் பசையும் வெல்லப்பாகும் கலந்து வார்க்கப்பட்டவை. இயந்திரம் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மடியும். புனித நூல் கண்ட கைகளில் புழங்கி, கிழிந்து, காலடியில் கிடக்கும். எழுத்தாணியும் நாணற்பேனாவும் கொண்டு பக்தியோடு படியெடுத்த காலத்துக்கு இது மாறு என்றார்கள். எதிர்த்தவர்கள் அறியாமையால் பேசவில்லை. அவர்கள் சொன்ன தீங்குகள் மெய்யானவை. அச்சை ஆதரித்தவர்களும் அவற்றை மறுக்கவில்லை. படிக்க நூல் இல்லாமல் நெறியே மங்குவது அதைவிடப் பெரிய கேடு என்றார்கள்.

20ஆம் நூற்றாண்டில் அதே வழக்கு மின்சாரத்தின் பெயரால் மீண்டும் வந்தது. துறவி ஒலிபெருக்கி முன் பேசலாமா? மின்விளக்கின் கீழ் படிக்கலாமா? நெருப்பை உடலாகக் கொண்ட உயிர்கள் மின்சாரத்தில் உண்டு என்றால், பொத்தானை அழுத்துவதே உயிர்க்கேடு. ஸ்தானகவாசி மரபின் பல பிரிவுகள் மின்கருவிகளை விலக்கின. தேராபந்தப் பிரிவில் ஒலிபெருக்கி ஏற்கப்பட்டது. அப்பிரிவின் ஆச்சாரிய மகாபிரக்ஞர் மின்சாரம் உயிரற்ற ஆற்றலே என்று வாதிட்டார். 1980இல் ஆச்சாரிய துளசி, வாகனத்தில் பயணம் செய்யவும் வெளிநாடு போகவும் உரிமையுள்ள சமணி என்ற இடைநிலைத் துறவுப் பிரிவையே உருவாக்கினார். முழுத் துறவின் விதியைத் தளர்த்தாமல், செய்தி பரவ வேண்டிய தேவைக்குத் தனியாக ஒரு வழி திறந்த ஏற்பாடு இது. மடலை மாற்ற நினைக்கும் சங்கங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: எல்லாவற்றையும் ஒரே வடிவத்தில் அடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தீங்கு தவிர்க்க முடியாதது என்றால் கொல்லாமை எங்கே இருக்கிறது? உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இதற்குத் தரும் விடை புகழ்பெற்றது. கவனமின்மையோடும் வேட்கையோடும் கூடிய செயலால் உயிரைப் பிரிப்பதையே அது ஹிம்சை என்கிறது. வெறும் உயிரிழப்பு மட்டும் அளவுகோலாக இருந்தால் மூச்சு விடுவதும் கொலையாகும். விழிப்போடு நடந்தும் நேர்ந்துவிட்டது வேறு. கண்ணை மூடிக்கொண்டு செய்தது, யாரும் சாகாவிட்டாலும், ஹிம்சையே.

இந்த வரையறை தப்பிக்கும் வழியாக மாறும் ஆபத்தும் உண்டு. ‘கவனமாகத்தான் இருந்தோம்’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததா? அதே நூல் அந்தக் கதவையும் சாத்துகிறது. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததை ஒப்புதல் ஆகிய மூன்றும் மனம், மொழி, மெய் வழியே வினையாகும். சுரங்கம் தோண்டியவர் வேறு, கம்பி இழுத்தவர் வேறு என்பதால் பயன்படுத்துபவரின் பங்கு அழிவதில்லை. இந்த விதி மின்வடிவத்தைக் காகிதத்தைவிடக் கடினமாகச் சோதிக்கிறது. காகிதம் வீட்டில் குவிகிறது. பழைய மடல்களின் அடுக்கு தன் இருப்பைச் சொல்லிக்கொண்டே இருக்கும். மின்மடல் எதையும் மிச்சம் வைப்பதில்லை, இங்கே. காணாத தீங்கை ஒப்புவது மிக எளிது. ‘பசுமைக்கு மாறினோம்’ என்று பெருமையாக அறிவிக்கும் சங்கங்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன. மாறியது குற்றமில்லை, மாறியதோடு கணக்கு முடிந்தது என்று எண்ணுவதே கவனமின்மை.

வடிவம் மாறினால் மடல் அதே மடல்தானா என்பதும் கேட்கத்தக்கது. சமண அறிஞர் சமந்தபத்திரரை மரபு காஞ்சியோடு தொடர்புபடுத்தும். அவருடைய ஆப்த மீமாம்சையில் ஒரு பொற்குடத்தின் எடுத்துக்காட்டு வருகிறது. குடத்தை உருக்கி முடி செய்கிறார்கள். குடம் வேண்டியவன் வருந்துகிறான். முடி வேண்டியவன் மகிழ்கிறான். பொன் வேண்டியவன் இரண்டும் இல்லாமல் இருக்கிறான். மூவருமே சரி. ஒரே பொருளில் அழிவும் தோற்றமும் நிலைபேறும் ஒருசேர உண்டு என்பதே சமணத்தின் பொருளியல். ஆண்டுவாரியாகத் தைத்து அலமாரியில் வைத்திருக்கும் முதிய உறுப்பினர் வருந்துகிறார். அவரைப் பழமைவாதி என்று தள்ளுவது தத்துவப்படி தவறு. அவர் இழப்பது உண்மையிலேயே அழிகிறது. கைபேசியில் வண்ணப்படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் இளைஞரின் மகிழ்ச்சியும் உண்மையானது. ஆனால் மூன்றாமவர் தேடும் பொன் எது என்பதை எந்தச் சங்கமும் எளிதில் சொல்லிவிடுவதில்லை.

நாள், இடம், கண்டவர் பெயர் ஆகியவற்றோடு பிறர் சரிபார்க்கும்படி வைக்கப்பட்ட பார்வைக் குறிப்பே அந்தப் பொன் என்று கொள்வதற்கு வலுவான சான்று உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் சரணாலயத்தில் ரமணா ஆத்ரேயா கண்ட புகுன் லியோசிக்லா என்ற புதிய பறவையினம் 2006இல் ‘இந்தியன் பேர்ட்ஸ்’ இதழில்தான் விவரிக்கப்பட்டது. அப்போது தெரிந்திருந்தவை 14 பறவைகள் மட்டுமே. புதிய இனத்தை அறிவிக்க ஒரு பறவையைக் கொன்று அருங்காட்சியகத்தில் வைப்பது நெடுங்கால மரபு. சாலிம் அலியின் தலைமுறை முழுவதும் துப்பாக்கியோடுதான் பறவையியல் செய்தது. ஆத்ரேயா வலையில் பிடித்து, அளந்து, படமெடுத்து, உதிர்ந்த இறகுகளை வைத்துக்கொண்டு பறவையை விட்டுவிட்டார். அறிவுக்காகக் கொல்லாமல் விட்ட அந்தச் செயலுக்கு ஓர் எளிய சங்க மடலின் வழித்தோன்றல் இடம் கொடுத்தது.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. 2006இல் இணையத்தில் மட்டும் வெளியான விலங்குப் பெயருக்கு விலங்கியல் பெயரிடல் விதிப்படி செல்லுபடி கிடையாது. அச்சுப் பிரதி இருந்தே ஆக வேண்டும். 2012 செப்டம்பரில்தான் விதி திருத்தப்பட்டு மின்வெளியீடு ஏற்கப்பட்டது. அதுவும் விலங்குப் பெயர்களுக்கான ஸூபேங்க் பதிவேட்டில் பதிந்து, கோப்பு எந்தக் காப்பகத்தில் நிலையாக இருக்கும் என்று குறித்தால்தான். ஊடகம் எதுவானாலும் பதிவு அழியாது, பின்னால் திருத்தப்படாது என்ற உறுதியையே விதி கேட்டது. பழைய ‘நியூஸ்லெட்டர்’ இதழ்கள் இன்று ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைப்பதற்கும் காரணம், ஒரு காலத்தில் அவை பல வீடுகளுக்குக் காகிதமாகப் போய்ச் சிதறிக் கிடந்ததே. ஒரே வழங்கியில் இருக்கும் கோப்பு, கட்டணம் கட்டத் தவறிய மாதத்தில் மறைந்துவிடும்.

துறவிக்குச் சமணம் விதித்த ஐந்து விழிப்புகளுக்குச் சமிதி என்று பெயர்: நடப்பதில், பேசுவதில், ஏற்பதில், எடுத்து வைப்பதில், கழிப்பதில். இவற்றுள் பேச்சின் விழிப்பே மின்மடலுக்கு மிகக் கடுமையான சோதனை.

காகித மடலில் ஒரு கழுகின் கூட்டைப் பற்றிய குறிப்பு வெளிவர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். எழுதி அனுப்பி, ஆசிரியர் திருத்தி, அச்சாகி, அஞ்சலில் வந்து சேரும்போது குஞ்சுகள் பறந்திருக்கும். அந்தத் தாமதத்தைக் குறை என்றே எல்லாரும் கருதினார்கள். அது கூட்டுக்கு ஒரு காவலாக இருந்தது என்பது தாமதம் ஒழிந்த பிறகுதான் புலப்பட்டது. மின்வடிவில் செய்தி அன்றே போகிறது. ஒருவர் இன்னொருவருக்குத் தட்டிவிடுகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டடியில் கேமராக்கள் நிற்கின்றன. தாய்ப்பறவை அஞ்சி விலகினால் முட்டை குளிரும். அழகுக்கும் மந்திரவாதத்துக்கும் ஆந்தை பிடித்து விற்பவருக்கு அந்தத் தகவல் இன்னும் பயன்படும். பறவைப் பார்வைகளைப் பதிய 2002இல் தொடங்கிய ஈபேர்ட் தளம் இதை உணர்ந்து, ஆபத்துக்குள்ளான சில இனங்களின் துல்லியமான இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கிறது. சங்க மடல்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை. ஆசிரியரின் மனச்சான்றே ஏற்பாடு.

வேட்டைக்காரன் கேட்க, மான் போன திசையைச் சொன்னால் அது வாய்மையாகுமா என்பது இந்திய அறநூல்களின் பழைய கேள்வி. சமணத்தின் விடையில் ஐயமில்லை: உயிருக்குக் கேடு தரும் மெய், மெய்ம்மை விரதத்தில் சேராது. வள்ளுவரும் வாய்மையை வரையறுக்கும் இடத்தில் தீங்கின்மையையே அதன் உள்ளடக்கமாக வைத்தார். அறிவியலோ துல்லியத்தை விரும்பும். கூடிருந்த இடம் தெரியாத குறிப்பு ஆய்வாளருக்குப் பாதிப் பயன்தான். இந்த மோதலைக் காலத்தால் தீர்க்கலாம்: வட்டத்தின் பெயரை மட்டும் இப்போது சொல்லி, சரியான இடத்தை இனப்பெருக்கப் பருவம் முடிந்தபின் பதிவில் சேர்ப்பது. பழைய அஞ்சல் தானாகச் செய்ததை இனி வேண்டுமென்றே செய்ய வேண்டும்.

ஏற்பதில் விழிப்பு என்பது பிச்சை ஏற்பதைப் பற்றியது. இங்கே அது விளம்பரத்துக்கும் நன்கொடைக்கும் பொருந்தும். மின்மடலுக்குச் செலவு குறைவு என்பதால் யாரிடமும் கைநீட்ட வேண்டாம் என்பது அதன் மெய்யான நற்பயன்களுள் ஒன்று. சதுப்புநிலத்தை நிரப்பிக் கட்டடம் எழுப்புபவரின் முழுப்பக்க விளம்பரத்தோடு கூழைக்கடா பற்றிய கட்டுரையை வெளியிடும் நெருக்கடி அச்சிதழ்களுக்கு நேர்வதுண்டு.

கொடுப்பதன் அறம் இதற்கு மறுபக்கம். நூலைப் படியெடுத்துக் கொடையாக அளிப்பதைச் சமணம் பெருந்தானமாகக் கருதியது. கொடை நின்று உடைமை மிஞ்சியபோது என்ன ஆகும் என்பதற்கு மூடபித்ரி என்ற சமணத் தலம் சான்று. ஷட்கண்டாகமம் என்ற திகம்பர நூலின் தவளா உரை ஓலைச்சுவடியாக அங்கே பூட்டப்பட்டு, வந்தவர்கள் கண்ணால் கண்டு வணங்கிப் போகும் பொருளாக நூற்றாண்டுகள் இருந்தது. படிப்பவர் இல்லை. படிகள் ஒருவாறு வெளியே வந்து, ஹீராலால் ஜெயின் பதிப்பித்த முதல் தொகுதி 1939இல் அச்சாகியது. தமிழில் இதற்கு ஒரு மகிழ்ச்சியான இணை உண்டு. கும்பகோணத்துச் சமணர்கள் பொருள் சொல்லி உதவ, உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிட்டார். ஏட்டில் இருந்தபோது ஒரு சிறு சமூகம் காத்த நூல், அச்சில் எல்லாருக்கும் ஆனது. கொடையின் பரப்பை அளவுகோலாகக் கொண்டால் மின்மடலே வெல்லும்: சந்தா கட்ட முடியாத கிராமத்துப் பள்ளி மாணவிக்கும் அது போகும், நாற்பதாண்டுக்கு முந்தைய குறிப்பையும் ஒரு சொல்லிட்டுத் தேட முடியும்.

ஆனால் ஏற்க முடியாதவருக்கு நீட்டியது கொடையாகாது. பறவைச் சங்கங்களில் மூத்தவர்கள் அதிகம். நீண்ட கால ஒப்பீட்டுக்கு வேண்டிய நினைவு அவர்களிடம்தான் இருக்கிறது: எந்தக் குளத்தில் எந்த ஆண்டு வரை நாமக்கோழிகள் வந்தன, எப்போது நின்றன என்பது. திரையில் படிக்கச் சிரமப்படும் அவர்கள் சத்தமில்லாமல் விலகிப் போவார்கள். பட்டியலில் பெயர் இருக்கும், மடல் திறக்கப்படாது. அவர்களுக்கென ஒரு சில பிரதிகள் அச்சிட்டுத் தருவது கொள்கை முரண் ஆகாது. துறவிக்கும் இல்லறத்தாருக்கும் நடுவே சமணி பிரிவை அமைத்த நெறி, வேறுபட்ட தேவைக்கு வேறுபட்ட விதியை அனுமதிக்கிறது. அறிவிப்பும் அழைப்பும் மின்வடிவில் போகட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பார்வைக் குறிப்புகள் மட்டும் தொகுப்பாகச் சில டஜன் படிகள் அச்சாகி, மூத்த உறுப்பினர்களுக்கும் இரண்டு மூன்று நூலகங்களுக்கும் போகட்டும். மெழுகுத்தாள் காலத்து மடலைவிட இது குறைவான காகிதம்.

எஞ்சியவற்றுள் இங்கே பொருந்துவது கழிப்பதில் விழிப்பு. துறவி கழிவை எங்கே விடுகிறார் என்பதையும், அந்த இடத்தில் உயிரினம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விடுகிறார் என்பதையும் விதியாக்கிய சமயம் இது. மின்கருவியின் வாழ்நாள் சில ஆண்டுகள். அதன் ஈயமும் பாதரசமும் குப்பைமேட்டில் எரிந்து நீர்நிலையில் இறங்கினால், அந்த நீரில் இரை தேடுவது கொக்கும் நாரையும். இந்தியாவில் மின்கழிவு விதிகள் 2011இல் முதலில் அறிவிக்கப்பட்டு, 2016இலும் 2022இலும் மாற்றி எழுதப்பட்டன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் வழி இன்று சட்டத்தில் இருக்கிறது. ஆண்டுக் கூட்டத்தன்று உறுப்பினர்களின் பழைய கைபேசிகளைத் திரட்டி அவரிடம் ஒப்படைப்பதும், பிரதி இல்லாத பழைய மடல்களை எடைக்குப் போடுமுன் ஸ்கேன் செய்து இரண்டு வெவ்வேறு காப்பகங்களில் வைப்பதும், மாற்றத்துக்கான தீர்மானத்தில் இடம்பெற வேண்டிய வேலைகள்.